அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும்

அன்பு மனைவி பாண்டீஸ்வரிக்கு, சமயநல்லூர் ஸ்டூடியோவிலிருந்து தங்கப்பாண்டி எழுதிக்கொள்வது.

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நலமில்லை. எட்டு நாளாக என் நம்பரை பிளாக்கில் போட்டிருக்கிறாய். அமெரிக்காவில் இருப்பவன்கூடப் பெண்டாட்டியோடு தினமும் வீடியோவில் பேசுகிறான். ஒத்தக்கடையில் அம்மா வீட்டில் இருக்கிற உன்னோடு என்னால் பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப உன் தங்கை ரோகிணியைப் போட்டோ எடுக்கப் புறப்பட்ட அன்று, நீயும் வருகிறேன் என்றாய். "ஒரு போட்டோவுக்கு ரெண்டு பேரா? நீ வந்து என்ன செய்யப் போற?" என்று கேட்டேன். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. நீ எடுத்துக் கொடுத்த கிரே கார்டையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். அந்தச் சாம்பல் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து முதல் படம் எடுத்து, அதை வைத்து கேமராவை செட் பண்ணினால்தான் மற்ற நிறமெல்லாம் ஒழுங்காக வரும். பதினொரு வருடமாகப் பிடிக்கிற உனக்கா சொல்ல வேண்டும்.

ஒத்தக்கடை வீட்டுக்குப் போனால் ஒரு பக்கம் பச்சைச் சுவர், ஒரு பக்கம் டியூப் லைட், வாசல் வழியாகச் சாயங்கால வெயில். எது வெள்ளை என்று கேமராவையே கண்டுபிடிக்கச் சொன்னால் அது படத்துக்குப் படம் ஒரு நிறம் காட்டியது. அட்டை இல்லாவிட்டால் வெள்ளையாக எதையாவது காட்டலாம். சுற்றிப் பார்த்தேன். மாமா நின்றார், கண் கூசுகிற வேட்டியில். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, வேட்டியைக் குறிவைத்து செட் பண்ணிவிட்டேன்.

இனி எழுதுவதை அத்தை காதில் விழப் படிக்காதே. அந்த வேட்டி வெள்ளையே இல்லை. விசேஷம் என்று அத்தை சொட்டு நீலத்தைச் சொட்டாக விடாமல் கவிழ்த்திருக்கிறார். நம் கண்ணுக்கு அது பளிச். கேமராவோ அந்த நீலத்தையே வெள்ளை என்று நம்பி, படம் முழுக்க நீலத்தைக் குறைத்துவிட்டது. நீலம் குறைந்தால் மஞ்சள்தான். ஸ்கிரீனிலேயே மஞ்சளாகத்தான் தெரிந்தது. வெயில் அப்படி என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். உன்னிடம் காட்டாமல் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு.

கே.கே. நகரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஒச்சாயி உனக்குப் போன் பண்ணி, பெண்ணுக்குக் காமாலை எத்தனை நாளாக, கீழாநெல்லி கொடுக்கிறீர்களா என்று அக்கறையாக விசாரித்து, முதலில் உடம்பைப் பாருங்கள், சம்பந்தத்தைப் பிறகு பேசலாம் என்றாராமே. அன்றே நீ பையையும் பையனையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது நியாயம்தான். ரோகிணி அழுதாள் என்று மாமா சொன்னார். மாப்பிள்ளை சூரியபிரகாஷை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

அதனால் முந்தாநாள் நானே கே.கே. நகர் போனேன். கையில் கேமரா, கிரே கார்டு, அத்தைக்குத் தெரியாமல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை வந்து மாமா கொடுத்த அதே வேட்டி. ஒச்சாயியம்மாவை வாசலில் உட்காரவைத்து, வேட்டியைக் காட்டி செட் பண்ணி ஒரு படம் எடுத்தேன். பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "ஏந்தம்பி, இது நானா? எனக்கும் இம்புட்டு காமாலையா?" என்றார். பிறகு கார்டை அவர் கையிலேயே கொடுத்தேன். நாலு தடவை சாய்த்துப் பிடித்தார், ஐந்தாவதில் சரியாக அமைந்தது. மாநிறம் மாநிறமாக, சேலையின் அரக்கு அரக்காக வந்தது. வேட்டிக் கதையைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஞாயிறு காலை பெண் பார்க்க வருகிறார்களாம். படம் எடுக்க நான் இருக்க வேண்டுமாம்.

சிக்கல் இப்போதுதான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ரோகிணியே அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. துடைப்பக் கட்டையில் கட்டிப் பார்த்தேன், ஃபேன் காற்றில் திரும்பிக்கொண்டது. நாற்காலியில் சாத்தினால் வெளிச்சம் விழவில்லை.

நீ எப்படித்தான் பிடிக்கிறாய் என்று பார்க்க நேற்று பழைய கல்யாண ஃபைல்களைத் திறந்தேன். எல்லாக் கல்யாணத்திலும் முதல் படத்தில் நீதான், மணப்பெண் பக்கத்தில் அட்டையோடு. ஒன்றில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஒன்றில் வாயில் ஹேர்பின். பையன் வயிற்றில் இருந்தபோது ஒன்றில் இடுப்பைப் பிடித்தபடி. எல்லாவற்றிலும் அட்டை உன் பாதி முகத்தை மறைக்கிறது. ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தவன், உன்னை முழுசாக ஒரு படம்கூட எடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது, பாண்டீஸ்வரி.

ஞாயிறு எட்டு மணிக்கே வந்துவிடுவேன். மாமாவைக் கலர் சட்டையும் பேன்ட்டும் போடச் சொல். என்னோடு நீ பேச வேண்டாம், அட்டையை மட்டும் பிடி. முதல் படம் எடுத்ததும் வழக்கம்போல ஓரமாக நகர்ந்துவிடாதே. அட்டையைக் கீழே இறக்கிவிட்டு அங்கேயே நில். ரோகிணி கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
தங்கப்பாண்டி