இடது கைக்கு மண்ணெண்ணெய், வலது கைக்கு உன் பாட்டில்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே அம்மா நலம், நான் நலமா இல்லையா என்பதைக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

உன் கடிதத்தை அம்மாதான் சத்தமாகப் படித்தாள். உங்கள் ஆய்வகத்துக் கிருமி தயாரித்த கை கழுவும் திரவத்தைச் சோதித்த ஆறு பட்டறைகளில் அப்பா முப்பது நாள் குறித்து அனுப்பிய நோட்டுதான் முதலிடம், அதைக் காட்டித்தான் பெரிய தொட்டியில் தயாரிக்க அனுமதி கேட்கப் போகிறாய், அடுத்த மாதம் இருபதாம் தேதி குழுவின் முன்னால் நிற்கப் போகிறாய் என்று அவள் படிக்கப் படிக்க நான் பீரோவை மறைத்தபடி போய் நின்றுகொண்டேன். கண்ணு, அந்த நோட்டு முழுக்கப் பொய். முப்பது நாளையும் ஒரே மாலையில் உட்கார்ந்து, இரண்டு பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். "நன்று", "மிக நன்று" என்றே போனால் சந்தேகம் வருமே என்று பதினேழாம் நாளுக்கு மட்டும் "சுமார், மழை" என்று போட்டேன். மழைக்கும் கிரீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லையா? பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் கை பளபளவென்று சுத்தமாகியிருக்கிறது. இவ்வளவு படித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ சோதனைக்கு அனுப்பிய நான்கு பாட்டில்களிலும் உன் கையெழுத்து இருந்தது, பிரித்தால் தீர்ந்துபோகும், அதனால் நான்கையும் பீரோவில் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அந்தக் கிருமிக்கோ எண்ணெயைத் தின்ன வேண்டும், அதனால் எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைக்கத் தானே ஒரு சோப்பைச் சுரக்கிறது, என் மகள் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தீனியாகப் போட்டு, காற்றை ஊதி, மாடு வளர்க்கிற மாதிரி தொட்டியில் அதை வளர்க்கிறாள், கடலில் கொட்டின எண்ணெயைக்கூட அதை வைத்துக் கரைக்கலாம், முகத்துக்குப் பூசும் க்ரீமிலும் சேர்க்கலாம் என்று பட்டறையில் டீ நேரத்தில் அளந்துகொண்டே போனேன். எல்லாம் கேட்டுவிட்டு வெல்டர், அதெல்லாம் சரிண்ணே, உங்க கை ஏன் இன்னும் இப்படியே இருக்கு என்றார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், துணி அடுக்கும்போது முத்திரை உடையாத பாட்டில்கள் அம்மா கையில் அகப்பட்டன. பரீட்சை எழுதுறது அவ, நீங்க பாட்டுக்கு மார்க் போட்டு அனுப்பியிருக்கீங்களே என்றாள். நான் திருட்டு முழி முழித்தேன். நான்காம் வகுப்பில் உன் வீட்டுக் கணக்கை நான் போட்டுக் கொடுத்து, அத்தனையும் தப்பாகி, நீ வகுப்புக்கு வெளியே நின்றாயே, அன்றே நான் திருந்தியிருக்க வேண்டும்.

அன்றைக்கே முதல் பாட்டிலைப் பிரித்தேன். வலது கைக்கு உன் திரவம், இடது கைக்குப் பழையபடி மண்ணெண்ணெய். ஒரு கையை மட்டும் கழுவுவது எவ்வளவு பெரிய வித்தை என்று இப்போதுதான் தெரிகிறது, குழாயடியில் இரண்டு பிரஷைக் கட்டிவைத்துத் தேய்க்கிறேன், அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று பட்டறையில் பேச்சு. இன்று ஒன்பதாம் நாள். புது கிரீஸ் சுலபமாகப் போகிறது. பழைய டீசல் கறுப்பும் நகக்கண் அழுக்கும் போகவில்லை. ஐந்து நிமிடம் ஊறினால் பாதி போகிறது, ஆனால் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் எந்த மெக்கானிக்கும் ஐந்து நிமிடம் நிற்கமாட்டான். நுரையும் குறைவு, நுரை வராவிட்டால் எங்களுக்குக் கழுவின திருப்தி கிடையாது. வலது கையில் விரலிடுக்கு வெடிப்புகள் மூடி வருகின்றன, இடது கை வழக்கம்போல எரிகிறது. வெடிப்பு இருந்ததே உனக்குத் தெரியாது, வீடியோவில் பேசும்போது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருப்பேன். உன் நோட்டில் "கை எப்படி இருக்கிறது" என்ற கட்டத்தில் முப்பது நாளும் "நலம்" என்று எழுதினேன், நீ போன நாள் முதல் உனக்கு எழுதுகிற கடிதங்களில் எழுதுவது போலவே.

பழைய நோட்டைக் கிழித்துப் போடு. உன் மேலதிகாரியிடம் அப்பா செய்த அசட்டுத்தனம் என்றே சொல், உன் மேல் பழி வர விடாதே. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி உண்மையான முப்பது நாள் முடியும், ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைக் காலியாக விடுகிறேன், அன்று மாலையே போனில் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறேன். அனுமதி தள்ளிப்போனால் அதற்குக் காரணம் நான்தான், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை, என்னை மன்னித்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் முயற்சி பலிக்க எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு உண்டு.

கீழே உள்ள இரண்டு கட்டைவிரல் ரேகைகளும் கழுவித் துடைத்த பிறகு வைத்தவை. தாள் அழுக்காகிவிட்டது, வேறு தாளில் எழுதுங்கள் என்று அம்மா சொன்னாள். வேண்டாம், இது அப்படியே வரட்டும்.

அன்புள்ள அப்பா
(இடது கை, வலது கை, ஒன்பதாம் நாள்)