உனக்காக நான் சொன்ன பதில்

அக்கா,

உன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்று தபாலில் வந்தது. நீ போய் நான்கு மாதம் கழித்து. போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறாய். என்னைத்தான் முறைக்கிறாய் என்று தோன்றியது. எனக்கு வேண்டியதுதான்.

அதற்கு விவரம் கேட்க வந்த பெண்மணி நினைவிருக்கிறதா? மண்டி மொஹல்லா சந்தில் ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லாமல் வியர்த்து வந்தவர், சக்கர நாற்காலியில் இருந்த உன்னை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற என்னையே எல்லாம் கேட்டார். யார் வந்தாலும் அப்படித்தான். அவர் கொண்டுவந்த படிவத்தின் கடைசிப் பக்கத்தில், திருமணம், தாம்பத்தியம் பற்றி ஆலோசனை வேண்டுமா என்று இருந்தது. "அய்யோ மேடம், அவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார்.

அவர் போனதும் நீ இந்த ஊர்க் கன்னடம் கலந்து சொன்னாய்: "நாப்பது வயசாச்சு கணே எனக்கு. கைகால்தானே வராது? வாய் இருக்கு. ஆசையும் இருக்கு."

அப்புறம்தான் ஒருவரைப் பற்றிச் சொன்னாய். பிசியோதெரபி மையத்துக்கு ஊன்றுகோலோடு வருகிறவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். "போன் போட்டு, நான் சரின்னு சொன்னேன்னு சொல்லுடி. எனக்கு வெக்கமா இருக்கு" என்றாய். சிக்னல் இல்லை என்று வாசலுக்குப் போய், "அக்காவுக்கு இஷ்டமில்லைங்க" என்றேன். உள்ளே வந்து உன்னிடம், "யோசிச்சுச் சொல்றாராம்" என்றேன். அந்த வாரமே உன்னை வேறு மையத்துக்கு மாற்றினேன்.

இரண்டு பேரையும் யார் பார்த்துக்கொள்வது என்று பயந்ததாகச் சொல்லிக்கொண்டேன். சீ, அது பாதிப் பொய். நீ ஒரு ஆணோடு படுப்பதை நினைக்கவே எனக்குக் கூசியது. உன்னைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, உன் உடம்பே என்னுடையது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அதன் பிறகு என் போன் அடிக்கும்போதெல்லாம் நீ தலையைத் திருப்பிப் பார்ப்பாய். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பார்த்தாய்.

காரியத்தன்று அவர் வந்தார். படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். "வேணாம்னு அவங்களேதான் சொன்னாங்களா?" என்று கேட்டார். மாலை போட்ட உன் படம் பக்கத்திலேயே இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க, அவங்களேதான் சொன்னாங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். நீ சொன்ன 'சரி' இன்னும் என்னிடமே இருக்கிறது, அக்கா.