பெயரில்லாத மாத்திரைகள்

கோத்தகிரி
9.6.2024

அன்பு அம்மாவுக்கு,

ஆஷ்லி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு இந்த வாரம் டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். துணைக்குப் படுக்க வந்த பக்கத்து லைன் வீட்டுக் கருப்பம்மா அக்கா குறட்டை விடுகிறார். அந்தத் தைரியத்தில், போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

போனில் நீங்கள் ரகசியமாகக் கேட்டதை அனுப்பிவிட்டேன். டீத்தூள் பொட்டலத்துக்குள் கை விட்டுப் பாருங்கள். அப்பாவுக்குப் பல் வீங்கியபோது வாங்கியதில் மிச்சம், எனக்கு டைபாய்டு வந்தபோது வாங்கியதில் மிச்சம், உங்கள் நீர்க்கடுப்புக்கு வாங்கியதில் மிச்சம் என்று பிஸ்கட் டப்பாவில் இருந்த எல்லாமே இருக்கின்றன. “காய்ச்சல் விட்டா மாத்திரையும் விட்டுடணும், மிச்சம் இன்னொருத்தருக்கு ஆகும்” என்று நீங்கள் சேர்த்து வைத்தவைதான். பார்சலைப் பிரித்துப் பெயரைப் படித்துவிடுவார்களோ என்று பயந்து, அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் காகிதத்தில் மடித்தேன்.

பதிலை ஸ்ரீமதி டீச்சர் வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். எஸ்டேட்டுக்கு வந்தால் கிளார்க் நவநீதன் அண்ணன் நேராக அப்பா கையில் கொடுத்துவிடுவார்.

மூன்று நாளாக மூடுபனி. சர்ச் மணி எங்கோ வானத்திலிருந்து அடிப்பது போல் இருக்கிறது.

உங்கள்
ஆஷ்லி

*

இங்கிலாந்து
30.6.2024

என் தங்கம் ஆஷ்லிக்கு,

அம்மாவின் முத்தங்கள். டீத்தூளும் வந்தது, மற்றதும் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் அறையெல்லாம் நம் மலை வாசனை. மூன்று நாள் சாப்பிட்டேன், நீர் எரிச்சல் நின்றது, நிறுத்திவிட்டேன். இங்கே டாக்டரைப் பார்க்க நாள் குறித்து வாங்க வேண்டும், அவர் சீட்டு இல்லாமல் கடையில் இந்த மாதிரி மாத்திரை தர மாட்டார்கள். அடிக்கடி லீவு போட்டால் முதியோர் இல்லத்தில் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயம். அப்பாவுக்குத் தெரிந்தால் “போதும், கிளம்பி வா” என்பார். அதனால் இது நமக்குள் இருக்கட்டும்.

நான் குளிப்பாட்டி விடும் ஹோல்டன் அம்மா போன வாரம் இறந்துபோனார். சிறுநீரில் கிருமி, அது ரத்தத்துக்குப் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி, தலைமாட்டில் நான்கு மிஷின்கள். “இந்த நாட்டிலா மருந்து இல்லை?” என்று அவர் மகன் கேட்டார். “இருப்பதையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம், எதற்கும் அந்தக் கிருமி கேட்கவில்லை” என்றார் டாக்டர். ஹோல்டன் அம்மாவின் தலையணையில் ஒரு வெள்ளை முடி இருந்தது. எடுத்துப் போட மனம் வரவில்லை.

எனக்கு மறுபடி லேசாகக் கடுக்கிறது. மிச்சத்தைச் சாப்பிட்டால் சரியாகிவிடும். நீ படி.

உன்
அம்மா பிலோமி

*

கோத்தகிரி
28.7.2024

அன்பு அம்மாவுக்கு,

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அப்பா சொன்னார். “சாதாரணக் காய்ச்சலாம், ரெண்டு நாள்ல வந்துருவாளாம்” என்றார். அது பத்து நாளைக்கு முன்னால்.

நேற்று ஸ்ரீமதி டீச்சர் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். “தேயிலையில சிவப்புச் சிலந்திக்கு அரைகுறையா மருந்தடிச்சா என்னாகும்?” என்று கேட்டார். பின் பெஞ்சு ஜெர்சன் எழுந்து, “சாகாம தப்பிச்சது இன்னும் தெம்பாயிருமுங்க டீச்சர்” என்றான். “மாத்திரையைப் பாதியில நிறுத்துனா உடம்புக்குள்ளயும் அதேதான்” என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, “ஏன் கண்ணு, முகம் வெளுத்துப் போச்சு?” என்றார். ஒன்றுமில்லீங்க என்று உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி ஒரு கனவு. பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து மூடுபனி வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. தேயிலைச் செடிகள் மறைகின்றன, சர்ச் மறைகிறது. நீங்கள் ஓரடி தூரத்தில் நிற்கிறீர்கள், உங்கள் செருப்பு மட்டும் தெரிகிறது.

அம்மா, எந்தெந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொன்னீர்களா? உங்களுக்கே பெயர் தெரியாதே. காலி அட்டைகளை நான் எறியவில்லை, பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. அப்பாவிடம் கொடுக்கவா? நீங்கள் சரி என்றால் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

பயத்துடன்,
ஆஷ்லி

*

ஆஸ்பத்திரியிலிருந்து
11.8.2024

தங்கம்,

டீச்சர் வீட்டுக்கு வரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. அட்டைகளையும் அடுப்பில் போடு. அப்பாவிடம் சொல்லாதே. சின்னப் பெண்ணிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டேன் என்று தெரிந்தால் இங்கே வேலை போகும், வேலை போனால் விசா போகும். நாம் பட்டதெல்லாம் வீணாகும். எனக்காக இது ஒன்றைச் செய்.

எனக்குத் தனி அறை. வருகிறவர்கள் எல்லாம் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுகிறார்கள். வெறும் கை பட்டு எத்தனை நாளாயிற்று. ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறதாம், எனக்குப் பனியாகத் தெரிகிறது. சில நேரம் அதில் கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கிப் போகிறார்கள். கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள் தூங்கிவிடுகிறேன்.

நீ செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்டது நான்.

அம்மா

*

கோத்தகிரி
1.9.2024

அன்பு அம்மாவுக்கு,

நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அட்டைகளை அடுப்பு வரை கொண்டு போனேன். கருப்பம்மா அக்கா பார்த்துவிட்டு, “என்ன புள்ள, பிளாஸ்டிக்கப் போட்டு ஊட்டையே நாறடிக்கற?” என்றார். போட முடியவில்லை. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் அவர் மடியில் வைத்துவிட்டுச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். “இது என் பல்லு மாத்திரையில்ல?” என்றார். செருப்புக்கூடப் போடாமல் டீச்சர் வீட்டுக்கு நடந்தார்.

டீச்சர் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பெயர்களை எழுத்து எழுத்தாகப் படித்தார். டாக்டர் கோபப்படவில்லையாம். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். முன்பே தெரிந்திருந்தால் சில நாட்கள் மிச்சமாகியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம். இன்னும் ஒரு மருந்து இருக்கிறது, அதைக் கொடுத்துப் பார்க்கிறோம் என்றாராம்.

நேற்று நர்ஸ் கூப்பிட்டார். போனை உங்கள் காதில் வைப்பதாகச் சொன்னார். “பேசு கண்ணு” என்றார் அப்பா. நான் போனை அவரிடமே நீட்டினேன். அப்பா போனை வெளியே எடுத்துக்கொண்டு போய், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நீட்டிப் பிடித்தார். நம் லைன் பெண்கள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் நிறுத்தப் பார்த்தார்கள். “நிறுத்தாதீங்க, பேசுங்க” என்றார் அப்பா. வெகுநேரம் பேசினார்கள். உங்களுக்குக் கேட்டதா?

இன்று காலை மறுபடி போன் வந்தது. அப்பா “எஸ் சிஸ்டர், எஸ் சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது இரவு. அப்பா ஷிஃப்டுக்குப் போகவில்லை. பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கவரில் உங்கள் முகவரியை எழுத எடுத்தபோதுதான் கையைப் பிடித்தார்.

“எழுது கண்ணு. தபால்ல மட்டும் போட வேண்டாம். அங்க வாங்கறதுக்கு ஆளில்லை.”

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் போனது இந்த ஒரு தடவைதான், அம்மா. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆஷ்லி