நாலு மணி, பத்து நிமிஷம்

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ சுகமா என்று கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. இரண்டு ஞாயிறாக வெளிநாட்டிலிருந்து உன் போன் வரவில்லை. போன தடவை அழுதாய். மூன்று மாதமாக நீ பார்த்துக்கொண்ட நோயாளிப் பெண் இப்போது உன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, இந்த மனநல வார்டு வேலையே எனக்கு வராதும்மா, விட்டுடறேன் என்றாய். நீ முடிப்பதற்குள் நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லடி, எல்லாம் சரியாயிடும்" என்றேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். முப்பத்தொரு வருஷம் அதே வேலை பார்த்தவள், வார்டில் எதைச் சொல்லவே கூடாதோ அதையே பெற்ற பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் காதைக் குடுத்துட்ட, வீட்டுக்கு வாயை மட்டும் கொண்டுவந்த" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் மனுஷர் சொன்னது சரிதான்.

இதே வார்த்தைக்கு ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, உனக்கு நாலு வயது. பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு டீச்சர், ஸ்வெட்டர் பொத்தானை நாளெல்லாம் போட்டுப் போட்டுக் கழற்றுவார், எங்களுக்குள் அவர் பொத்தான் டீச்சர். ஒரு நாள், "நான் இனிமே வீட்டுக்கே போக மாட்டேனா சிஸ்டர்?" என்று கேட்டார். தோளைத் தட்டி, எல்லாம் சரியாயிடும் என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்களிடம் பேசுவார், எனக்கு மட்டும் வாய்ப்பூட்டு. எனக்கென்ன போச்சு என்று நானும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், பிறகு மனசு கேட்கவில்லை. கால் ஆடும் ஸ்டூல் ஒன்றுக்கு மாத்திரைச் சீட்டை மடித்து அண்டைகொடுத்து, "தினம் நாலு மணிக்கு வருவேன், பத்து நிமிஷம் இருப்பேன், நீங்க பேசணும்னு இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தேன். பினாயில் வாசனையும் பொத்தான் சத்தமும்தான் துணை. பத்து நிமிஷம் ஆனதும், "நாளைக்கு நாலு மணிக்கு" என்று எழுந்துவிடுவேன், ஒரு நிமிஷம் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. பத்தொன்பதாம் நாள் நீ பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாய், எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். தையல் போட்டு ஆயாவிடம் உன்னை விட்டு ஓடி வந்தேன். சுவரைப் பார்த்தபடியே டீச்சர் சொன்னார்: "ஆறு நிமிஷம் லேட்டு."

அன்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரும் வழியெல்லாம் சிரித்தபடி வந்தேன். கட்டுப்போட்ட தாடையோடு நீயும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தாய். அந்தச் சாயங்காலம் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறதடி, உன் பாரம்கூட இடுப்பில் அப்படியே இருக்கிறது. டீச்சர் பிறகு வீட்டுக்குப் போனார், இரண்டு முறை திரும்பியும் வந்தார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம், எனக்கு எப்படித் தெரியும்? எந்த வேலையில் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் மகராசியாய் இரு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு டூட்டிக்குப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை உன் ஊர் நேரம் நாலு மணிக்குப் போன் செய்வேன். எடுத்தால் போதும், நீ பேசணும்னு இல்லை. பத்து நிமிஷம் நானும் வாயைத் திறக்க மாட்டேன், அப்பா சாட்சி. நான் லேட்டானால் மட்டும் சொல்லிவிடு, அந்தக் குரலே எனக்குப் போதும்.

உன் அம்மா