கம்பிக் கதவுக்கு வெளியே

ஜூன் 3, 2024 – திங்கள்
நானுஓயாவில் ரயில் தாமதம். சவாரிக்காரர்கள் வரும்வரை வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.
பிரியந்தியை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து லய வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆபரேஷன் செய்துதான் எங்கள் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. அவள் மயக்கம் தெளிவதற்குள் பிள்ளை போய்விட்டது. நான்தான் கொண்டுவந்து புதைத்தேன்.
வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசியது: "சோறு போதும்." "மழை வருது." மனதில் ஏதாவது இருந்தால் சொல் என்றேன். ஒன்றுமில்லை என்றாள். சரி என்றேன்.

ஜூன் 4 – செவ்வாய்
சாயந்தரம் அம்மன் கோயிலில் கொண்டுபோய் விடச் சொன்னாள். தீட்டு இருக்கிறது, உள்ளே போகக் கூடாது என்றார் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா. போக வழியும் இல்லை. பூசாரி கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பிரியந்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நான் வேனில் இருந்தேன். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.
"ஆத்தா, பாலு கட்டிக்கிட்டு வலிக்குது. இத நான் யாருக்குக் குடுக்கிறது?"
கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வந்து ஏறி, "போலாங்க" என்றாள். வழியில் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஜூன் 5
ஒரே அறை. பக்கத்தில்தான் படுக்கிறாள். வலிப்பது எனக்குத் தெரியவில்லை. அம்மனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 6 – வியாழன்
ராசம்மா அக்காவிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். கோவா இலையை, அதுதான் முட்டைக்கோஸ் இலையை, மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. லிந்துலையில் பெரிய கோவா ஒன்று வாங்கி வந்து பிரியந்தியிடம் கொடுத்தேன். எதற்கென்று சொன்னால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். சொல்லவில்லை.
அதில் கறி வைத்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 7 – வெள்ளி
மறுபடியும் கோயில். இன்று கண்ணாடியை நானே இறக்கினேன். தப்புத்தான்.
"அவரு அழவே இல்ல ஆத்தா. பொதச்ச மறுநாளே வேன எடுத்துட்டாரு. புள்ளயே பொறக்காத மாதிரி இருக்காரு."


ஜூன் 9 – ஞாயிறு
மறுநாள் வேனை எடுத்தது உண்மை. முன்பே பேசிய ஹயர் சவாரி. கல்யாணமான புதுசில் இருந்த இருவரை இறம்பொடை அருவிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க" என்று நான்தான் சொன்னேன்.
அழவில்லை. எங்க வச்சு அழுவேன்? ஆஸ்பத்திரியிலயா? இவ முன்னாடியா? அந்தப் பொண்ணு மாப்பிள்ளை முன்னாடியா? — எனக்கு யாரும் ஒரு எடம் காட்டலயே.

ஜூன் 11 – செவ்வாய்
இன்று கோயிலில் நானும் இறங்கிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். கதவு பூட்டித்தான் இருந்தது. கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிரியந்தியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அம்மனைப் பார்த்துச் சொன்னேன்.
"ஆத்தா, நான்தான் தூக்கிட்டு வந்தேன். மடியில வச்சுக்கிட்டே வேன் ஓட்டினேன். கனமே இல்ல. வளைவுல ஆடிறக் கூடாதுன்னு மெதுவா வந்தேன். பின்னால பஸ்காரன் ஹோன் அடிச்சுக்கிட்டே இருந்தான்."
மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.
பிரியந்தி என் பக்கம் திரும்பவில்லை. அவளும் அம்மனிடம்தான் பேசினாள்.
"மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு கேளு ஆத்தா. நான் பாக்கவே இல்ல."
"அவள மாதிரிதான் ஆத்தா. காது மட்டும் என்னோடது."
மழை பெரிதாகும்வரை நின்றோம். திரும்பும் வழியில், கண்ணாடி இறங்கியிருந்ததையும் கோவா எதற்கு என்பதையும் சொல்லிவிட்டேன். இன்னும் பாதி கோவா இருக்கிறது என்றாள்.

ஜூன் 12 – புதன்
வேனை எடுக்கவில்லை. புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னாள். தேயிலைக்கு மேலே, மயானத்தின் ஓரம். மெல்ல நடந்தோம். மழையில் மண் கொஞ்சம் இறங்கியிருந்தது. அங்கே அவள் அம்மனைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கேட்டாள்.
"தலமாடு எந்தப் பக்கங்க?"
காட்டினேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.