உத்திரம் பேசிய ஞாயிறு

1899 நவம்பர் 6, திங்கள்

தூறல். காலையிலிருந்து விடவில்லை. முதல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் கூண்டில் மேலே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே சர்ச்சுக்கு. பெண்டாட்டி ரூத்தின் உத்தரவு. வரும் ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம், பெயர் பதிய வேண்டும். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது இன்றுதான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் பிரசவம் முடிந்து வேலூரிலிருந்து பிள்ளையோடு வந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் எதற்கு வம்பு.

செருப்பை வாசலில் விட்டேன். சிவப்புத் தரை, சில்லென்று. என் காலில் இருந்த சுரங்கச் சேறு அதில் அச்சாகப் பதிந்துகொண்டே வந்தது. உபதேசியார் துணியோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாசனை: ஈரச் சுண்ணாம்பு, மெழுகு, பழைய பாய். வெளியே மில்லில் தங்கக் கல் இடிக்கும் சத்தம் இரவு பகல் ஓயாது. உள்ளே வந்ததும் அது காதை விட்டு உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது. தரை லேசாக அதிர்கிறது, அவ்வளவே. இந்த ஊரில் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமல் இரண்டு வருடம்.

மேலே ஆறு உத்திரம். ஐந்து பழசு, கறுத்தவை. நடுவில் ஒன்று புதுசு, வெளுப்பு. கறையான் தின்றதை எடுத்துவிட்டுப் போன மாதம் மாற்றினார்களாம். சுரங்கத்தில் பாறை சரியாமல் முட்டு மரம் கொடுப்பது என் பிழைப்பு. மேலே பார்க்காமல் எங்கும் உட்கார வராது.

நவம்பர் 8, புதன்

மழை. ரூத்தையும் பிள்ளையையும் கூட்டிப்போய்க் காட்டினேன், ஏதோ நானே கட்டினது மாதிரி. ஆண்களுக்கு வலது பக்கம், கதவை ஒட்டி. பெண்களுக்கு இடது பக்கம், சுவரை ஒட்டிப் பாயில். மேகம் கொஞ்சம் விலகியதும் கண்ணாடி ஜன்னலின் நீலம் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. ரூத் அதைத் துடைக்கப் பார்த்தாள். சிரித்தோம்.

நான் உத்திரத்தையே பார்ப்பதைக் கண்டு கேட்டாள்.

"பூமிக்குள்ள பயமா இருக்காதா உங்களுக்கு?"

"மரம் பேசும். உடையறதுக்கு முன்னாடி முனகும். கேட்டதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிடணும். மொத நாளே அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க."

"பக்கத்துல இருக்கறவங்க?"

"அவனவன் கால் அவனவனுக்கு."

பெருமையாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 11, சனி

வெயில். ஐந்து நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று. ஆண்டர்சன்பேட்டையில் வாங்கியது: வெள்ளை மல் துணி, சர்க்கரை, வாழைப்பழம் இரண்டு சீப்பு, ரூத்துக்கு வளையல். நாளை லீவு கேட்டாயிற்று.

நவம்பர் 12, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

சர்ச் நிறைந்திருந்தது. எங்கள் பக்கம் முழுக்கச் சுரங்கத்து ஆட்கள், தலையில் எண்ணெய் மணக்க. நல்ல வெயில். போதகர் வாசித்துக்கொண்டிருந்தார். நடு உத்திரம் பேசியது. முதலில் ஒரு சின்ன முனகல். பிறகு நீளமாக ஒன்று.

அதன் பிறகு எனக்கு நினைவிருப்பது வாசல் வேப்பமரம். அதன் அடியில் நின்றேன், செருப்பில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு. என்னைச் சுற்றி அத்தனை ஆண்களும். யாரும் யாரையும் தள்ளவில்லை, கத்தவில்லை. சுரங்கத்து லெவலில் எப்படி வெளியேறுவோமோ அப்படி.

உள்ளே பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லிக் கேட்ட ரூத்தைத் தவிர அவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்றே தெரியாது. போதகருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாடச் சொன்னார் போலிருக்கிறது. பாட ஆரம்பித்தார்கள். எங்கள் பெண்டாட்டிகள் உள்ளே பாடுகிறார்கள், நாங்கள் மரத்தடியில் கேட்கிறோம்.

கூரை விழவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போனோம். ரூத் எழுந்து நின்றிருந்தாள், பிள்ளையை மார்போடு பிடித்து. என்னைப் பார்க்கவில்லை. போதகரிடம் சொன்னாள்: "இன்னிக்கு வேணாங்க ஐயா."

வாழைப்பழத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று.

நவம்பர் 13, திங்கள்

ஷிப்டுக்குள் கதை பரவிவிட்டது. என்னோடு முட்டு கொடுக்கும் முனிசாமி, சர்ச்சுக்கு வராதவன், கேஜில் ஆரம்பித்தான். "இன்னா மேஸ்திரி, சாமிய அங்கியே வுட்டுட்டு வந்துட்டீங்களாமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மாலை ரூத் காகிதத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். அவளுக்கு எழுத வராது. "அண்ணனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. வந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிகினு போகச் சொல்லி. ஞானஸ்நானம் வேலூர்லயே குடுத்துக்கறோம்."

"கோபத்துல பேசாத."

"கோபமில்ல. பயமா இருக்குது. அவ்ளோ பேர் இருக்கற எடத்துலயே நீங்க திரும்பிப் பாக்கல."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு வார்த்தை மாற்றாமல். சட்டைப் பையில் இருக்கிறது.

நவம்பர் 14, செவ்வாய்

சர்ச்சில் ஏணி போட்டு உத்திரம் வரை ஏறினேன். கீழே உபதேசியார் பிடித்துக்கொண்டார். மேலே வேறு உலகம். வௌவால் நாற்றம், குளவிக் கூடு, ஒட்டடைக்குள் ஒரு குருவி இறகு. அனல். கண்ணாடி ஜன்னல் கிட்டத்தில் அத்தனை அழகில்லை, உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள். கீழே இருந்து பார்க்கத்தான் செய்திருக்கிறார்கள்.

சுத்தியல் பிடியால் உத்திரத்தைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல மரம். எங்கும் வெடிப்பில்லை. ஈரம் வற்றாமல் பச்சையாக ஏற்றிவிட்டார்கள், வெயிலில் காய்கிறது, அதுதான் சத்தம். இன்னும் ஒரு மாதம் முனகும், பிறகு வாயை மூடிக்கொள்ளும்.

விழுகிற மரமாக இருந்திருக்கக் கூடாதா, ஓடினதுக்கு ஒரு நியாயமாவது இருக்குமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. சே. எப்பேர்ப்பட்ட ஆள் நான்.

ரூத்: "கடுதாசி போட்டீங்களா?" "நாளைக்கு."

நவம்பர் 16, வியாழன்

ரூத்திடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை.

போன வருடம் கீழ் லெவலில் மரம் பேசியது. ஓடினோம். ஏழுமலை ஓடவில்லை. பாறையில் துளை போட்டுப் போட்டுக் காது போனவன். எனக்கு ஒரு கை தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தோளில் தொட்டிருந்தால் போதும். அவனுக்குக் கேட்காது என்பது ஓடி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் பாறை அவன் மேல் இறங்கிவிட்டது.

ரூத் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவருக்குப் பொண்டாட்டி இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"அவங்ககிட்ட போய் யார் சொன்னது?"

"நான்தான்."

"தொட்டிருக்கலாம்னும் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் மறுபடி அரிசியைப் பார்த்தாள். என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "கடுதாசி?" என்றாள். "நாளைக்கு" என்றேன்.

நவம்பர் 18, சனி

வெயில். பேத்தமங்களாவிலிருந்து வந்த கத்தரிக்காய் மலிவு. போதகர் சொல்லி அனுப்பினார்: நாளை வருகிறீர்களா? ரூத் யோசித்தாள். "வேலூர் போறதுக்குள்ள பாட்டாவது கேக்கலாம். பேர் வைக்கறத அங்க பாத்துப்போம்."

நவம்பர் 19, ஞாயிறு

அதே வெயில். அதே இடம், வலது பக்கம், கதவை ஒட்டி. மரத்தில் பழுதில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்படியும் ஒருவன் கண்ணும் வேதபுத்தகத்தில் இல்லை. எல்லாம் மேலே.

பாதி ஜெபத்தில் பேசியது. போன வாரத்தைவிடப் பலமாக.

விழாது என்று ஏறித் தட்டிப் பார்த்தவன் நான். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. எழுந்துவிட்டேன். ஓடியும்விட்டேன். போச்சு, மறுபடியும் என்று நினைத்தேன். மனசு செத்துப்போனது.

ஆனால் வெயில் கண்ணில் படவில்லை. வேப்பமரம் இல்லை. காலுக்குக் கீழே பாய் இருந்தது. யாரோ முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி, "ஐயே, இன்னாப்பா இது" என்றாள். என் இரண்டு கையும் ரூத்தின் தலைக்கும் பிள்ளைக்கும் மேலே, முட்டுக் கொடுக்கிற மாதிரி விரிந்திருந்தன. போதகர் நிறுத்திவிட்டார். கதவை நோக்கிப் பாதி எழுந்த ஆண்கள் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள்.

ரூத் மேலே பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இன்னாங்க, இது பொம்பளைங்க பக்கம்."

பிள்ளையை என் கையில் கொடுத்தாள். இன்றே, இங்கேயே ஞானஸ்நானம்; தாவீது என்று பெயர் வைத்தாயிற்று. தண்ணீர் பட்டதும் ஊரைக் கூட்டினான்.

கடுதாசியைப் பற்றி இன்று அவள் கேட்கவில்லை. நாளை முதல் ஷிப்ட். அது முடிந்து ஏழுமலையின் வீட்டுக்குப் போய் அன்று சொல்லாததைச் சொல்ல வேண்டும், ரூத்தும் வருகிறாளாம்.