மாடிப்படி நட்சத்திரம்

டிசம்பர் 20

விடியும்போதே பனி. நேற்று துவைத்த போர்வை இன்னும் ஈரம்.

அச்சுமுறுக்கு போட்டேன். பச்சரிசி மாவு 2 கிலோ, சீனி முக்கால், தேங்காய் 4, முட்டை 6, கறுப்பு எள் ஒரு கை. தே.எண்ணெய் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து அனுப்பியது. இங்கே வாங்கினால் அந்த மணம் இல்லை. முதல் நாலு அச்சை விட்டு வரவில்லை. பிறகு சரி.

இந்த வருஷமும் ஊருக்கு இல்லை. மிஷன் விடுதியில் ஆறு பெண்பிள்ளைகள் மிச்சம். அப்பா அம்மா செங்கல் சூளையில். லீவு விட்டும் கூட்டிப்போக ஆள் வரவில்லை. என் கணவர், இவர்கள்தான் அங்கே வார்டன், பிள்ளைகளை எப்படி விட்டுவிட்டு ரயில் ஏறுவது? கோயில் ஊரில் யாரோடு கிறிஸ்மஸ் கொண்டாடப் போகிறாய் என்று அண்ணி போனில். பிள்ளைகள் ஆறு, நாங்கள் மூன்று, ஒன்பது பேர், போதாதா என்றேன்.

மாடிப்படி வாசலில் நட்சத்திரம் கட்டியாயிற்று. சிவப்பு. மகள் ஜெனி கடையில் பார்த்து எடுத்தது.

டிசம்பர் 21

பலகாரத் தட்டு நாலு வீட்டுக்கு. முதல் தட்டு கீழே, வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணாச்சிக்கு. தறியில் உட்கார்ந்திருந்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், கறுப்பு வேட்டி. அவர் மனைவி செல்வி அக்கா தட்டை வாங்கி, "பாஸ்டரம்மா, இத்த பாத்தா பூ மாதிரி இருக்குது"  என்றார். இவர்கள் பாஸ்டர் இல்லை, வார்டன் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. நான் பாஸ்டரம்மாதான்.

பிள்ளைகளுக்குப் பாவாடை ஹெம் அடிக்க வேண்டும். மூன்று பாக்கி.

டிசம்பர் 22

தூறல். மனசு சரியில்லை.

செல்வி அக்கா மகள் அச்சுமுறுக்கு எப்படிச் செய்வது என்று ஜெனியிடம் கேட்டிருக்கிறாள். இவளும் பெருமையாக, "ஆறு முட்டை போடுவோம்" என்று. அதற்குள் அண்ணாச்சி தின்றாயிற்று.

அவர் மாலை போட்ட நாள் முதல் நான் வீட்டில் மீன் பொரிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, நானாக. கருவாட்டு டப்பாவைக்கூட விடுதிக்கு அனுப்பிவிட்டேன். இத்தனையும் பார்த்தவளுக்கு மாவில் உடைத்து ஊற்றிய முட்டை நினைவில் இல்லை. அம்மா கையைப் பார்த்துப் பழகியது. அந்த மாவில் விழுந்தால் எனக்கு அது முட்டையே இல்லை, பக்குவம்.

கீழே போனேன். கதவு சாத்தியிருந்தது. தறிச் சத்தமும் இல்லை.

டிசம்பர் 23

காலையில் அண்ணாச்சி மேலே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மாலை போட்டவர் யாரைப் பார்த்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டுவதற்கும் அதுதான்.

"நீங்க வேணும்னு பண்ணல சாமி, தெரியுது. ஆனா எங்க ஆளுங்க அப்படி நெனைக்கல. நாளைக்கு ஊட்ல பூஜை, குருசாமி வராரு. வாசல்ல இந்த நட்சத்திரம் தொங்கிக்கினு இருந்தா இன்னா சொல்லுவாங்க? கழட்டிடுங்க சாமி. விடிகாலைல பாட்டும் வேணாம். முடியாதுன்னா தை மாசம் வேற ஊடு பாத்துக்குங்க சாமி."

இவர்கள் பார்க்கலாம் என்றார்கள். மத்தியானம் மிஷன் செயலாளருக்குப் போன். ஊரில் பிரச்சினை வேண்டாம், இந்த வருஷம் அமைதியாக இருங்கள் என்று அங்கிருந்தும். உடனே ஸ்டூலை எடுத்துக்கொண்டு படிக்குப் போகிறார்கள். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

"எழும்பு கிரேஸ். ஒரு நாள்தானே?"

"முட்டைக்கு மன்னிப்புக் கேக்கேன். நட்சத்திரத்துக்குக் கேக்க மாட்டேன்."

செய்தது தப்பு, அதைச் சொல்லத் தயார். ஆண்டவர் பிறந்தது தப்பு இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் வைக்க விட மாட்டேன். வீடு போனால் போகட்டும். சாமான் கட்டத் தெரியாதவளா நான்? இது நாங்கள் குடியிருக்கும் நாலாவது ஊர்.

ஹெம் மூன்றும் முடிந்தது. கோபத்தில் தையல் நேராக வருகிறது.

டிசம்பர் 24

வெயில், காற்று. பூஜை தொடங்குமுன் கீழே போனேன். தனியாக. இவர்கள் விடுதியில்.

கூடம் நிறையக் கறுப்பு வேட்டி. யாரோ உறவுக்காரர், "மேல நட்சத்திரம், கீழ பூஜை, நடுவுல முட்டை" என்றார். சிரிப்பு. சொல்லிவிட்டேன். அண்ணாச்சி மாலை போட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் கொடுத்தேன். தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும்.

குருசாமி வயதானவர். என்னை விட்டு அண்ணாச்சியிடம் திரும்பி எத்தனை தின்றாய் என்று கேட்டார். ரெண்டு என்றார் அண்ணாச்சி.

அடுப்படியிலிருந்து செல்வி அக்கா: "ரெண்டா சாமி? ஏழு. தட்ட நான்தான கழுவுனேன்."

இப்போது சிரிப்பு வேறு பக்கம். குருசாமிக்கும் வாய் கோணியது. குளத்தில் முழுகி, சரணம் சொல்லி, புது மாலை போட்டுக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். நான் கும்பிட்டுவிட்டு, "நட்சத்திரம் மட்டும் இருக்கும்" என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் நட்சத்திரம் எரியவில்லை. பல்பு நல்ல பல்பு. நட்சத்திரத்துக்கு ஒயர் படிக்கட்டு விளக்கிலிருந்து, அது அண்ணாச்சி மீட்டர். ஸ்விட்ச் அவர்கள் கூடத்தில். அணைத்திருக்கிறார்.

சரி. அவருடைய கரண்ட், அவர் இஷ்டம். அவிழ்த்துக் கொண்டுவந்து எங்கள் தெரு ஜன்னலில் கட்டினேன். எங்கள் மீட்டர். படியில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்குத்தான் தெரிந்தது. இப்போது தெருமுனை டீக்கடை வரை சிவப்பு. இவர்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 25

ஸ்தோத்திரம். விடியற்கால ஆராதனை, வீட்டில், ஒன்பது பேர். ஜன்னல் நாலையும் திறந்துவைத்தேன். பிள்ளைகளுக்குக் குளிர். பாடினால் சரியாகும் என்றேன்.

இரண்டாவது கீர்த்தனை நடுவில் கீழே சரண கோஷம். மாலை போட்டவர்கள் குளித்துவிட்டுச் சொல்கிற நேரம், தினமும் உள்ளதுதான். இன்று சத்தம் கொஞ்சம் கூட. நாங்களும் கூட்டினோம். அவர்களும். ஜெனி கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். இவர்கள் பைபிளை வாசிக்க எடுத்து, கீழே முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்தது. வாசித்தார்கள். வாசித்து முடியும்வரை கீழே ஒரு சத்தமும் இல்லை.

பிரியாணி விடுதி அடுப்பில்தான். இந்த வீட்டில் கறி வாசம் கூடாது, அவர் மலைக்குப் போய்வரும்வரை. அது மரியாதை. நட்சத்திரம் வேறு.

பாவாடைகள் அளவாக இருந்தன. சின்னவளுக்கு மட்டும் இடுப்பு தளர்ச்சி. ஊக்கு.

டிசம்பர் 26

மறுபடி பனி. உடம்பெல்லாம் வலி.

செல்வி அக்கா மேலே வந்தார், தூக்கில் பச்சரிசி மாவோடு. "முட்ட இல்லாம அது வருமா? சாமி கேக்கல. நான்தான் கேக்கறேன்."

தேங்காய்ப்பால் கெட்டியாக எடுத்தால் வரலாம், செய்ததில்லை என்றேன். உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"இத்த எப்ப எறக்குவ?"

"புது வருஷம் கழிஞ்சு."

"சரியான அடம்மா உனக்கு." பிறகு, குரலை இறக்கி: "ஊடு கீடுன்னு தேடிக்கினு திரியாத. தை மாசம் கல்யாணப் பொடவ வேல தலைக்கு மேல கெடக்குது. ஊடு பாக்க வர்றவங்களுக்கு எவ கதவு தொறந்துக்கினு நிக்கறது?"

அண்ணாச்சி சொல்லித்தான் வந்தாரா? கேட்கவில்லை. மாவைச் சலித்தேன்.

முட்டையில்லாத மாவு: ஐந்து உடைந்தது, பிறகு வந்தது. நிறம் கொஞ்சம் வெளுப்பு. தூக்கு நிறையக் கீழே கொடுத்தாயிற்று.

இருட்டும் நேரம் பால் வாங்கி வரும்போது பார்த்தேன். படிக்கட்டு விளக்கு திரும்ப எரிகிறது. நட்சத்திரம் தொங்கிய இடத்தில் வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. கூடத்தில் அண்ணாச்சி, தறியில், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜெனி, நட்சத்திரத்தை மறுபடி படியிலேயே கட்டலாமா என்றாள்.

வேண்டாம். ஜன்னலிலேயே இருக்கட்டும்.